ந.க. எண் போட்ட கவிதை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆடி மாதம், ஒன்றிய உதவிப் பொறியாளரான நான் எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கண்மாயின் கரையை அளக்கப் போனேன். தென்பகுதியில் கரையின் வெளிச்சரிவு இடிந்து இறங்கியிருந்தது. தண்ணீர் திறந்துவிடும் மடையின் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே என் கை முழங்கை வரை போனது.

2. கண்மாயில் தண்ணீர் இல்லை. நடுப்பள்ளத்தில் நாலு எருமை படுக்கும் அளவுக்குச் சேறு இருந்தது. நாலு எருமையும் படுத்திருந்தன.

3. ஐப்பசி மழைக்குள் கரையைப் பலப்படுத்த வேண்டும், மடையை இடித்துக் கட்ட வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் வைத்தேன். அவர் கையெழுத்திட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார்.

4. அதே வாரம், அதே கண்மாயைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதினார்.

5. கவிதை ஒரு விழா மலரில் அச்சாகி வந்தது. அடியில் அவருடைய பெயர், பதவி, அலுவலகம், கோப்பைக் குறிக்கும் ந.க. எண், நாள்.

6. ஆவணிக் கடைசியில் எஸ்டிமேட் திரும்பி வந்தது. கடிதத்தின் தலையில் 'பார்வை' என்று போட்டு ஆதாரங்களை வரிசைப்படுத்துவார்கள். அதில் நான்காவது ஆதாரம், கவிதை.

7. பார்வை 4-இல் கரையும் மடையும் நல்ல நிலையில் இருப்பதாகத் தாங்களே தெரிவித்திருக்கும்போது, பார்வை 1-இல் பழுது பார்க்கக் கேட்பது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

கல்லூரியில் எனக்கு மண்ணின் தாங்குதிறன் சொல்லிக்கொடுத்தார்கள். கான்கிரீட்டில் எந்த விகிதத்தில் எது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கவிதை எதிர்த்தரப்பு சாட்சியாக வந்தால் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் இருந்த குறைகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கதையில் ஒரு சீனக்காரர் இருக்கிறார். அவரை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலருக்கு, இனி அவரைச் சார் என்றே எழுதுகிறேன், வழிகாட்டி என்று ஒருவர் உண்டென்றால் அது ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்பு சீனாவில் வாழ்ந்த ஓர் அதிகாரி. அதிகாரி, கவிஞர், இரண்டும். அந்தக் காலத்துச் சீனாவில் அரசு வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும். தேர்வில் கவிதையும் எழுத வேண்டும். இதைச் சார் சொல்லும்போது, நம்முடைய தேர்வாணையம் செய்த ஒரு பெரிய அநியாயம் இப்போதுதான் வெளியே வருகிறது என்பது போல இருக்கும். "நம்மளும் அவரும் ஒரே கேடர்ம்மா" என்பார். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தச் சீனக்காரரின் படம் இருந்தது. உயரமான தொப்பி, ஒட்டிய தாடி, பாதி மூடிய கண். மனு கொடுக்க வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "இது எந்தச் சித்தருங்க?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சார் மறுத்ததில்லை.

ஒரு பொங்கலுக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தச் சீனக்காரரின் வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் டைரி எதிர்பார்த்திருந்தோம். மற்ற பிரதிகள் எங்கே போயின என்று தெரியாது. என்னுடையதை நான் படித்தேன். அதற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் அல்ல, பஸ். நான் கீரனூரில் இருக்கிறேன். காலையில் கீரனூரே திருச்சிப் பக்கம் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும். நான் எதிர்த்திசை. உட்கார இடமும், படிக்க வெளிச்சமும், பேச ஆள் இல்லாத நிம்மதியும் அரசு எனக்குத் தரும் சலுகைகள்.

படித்ததில் எனக்குத் தெரிந்தது இது. எங்கள் அலுவலக வழக்கப்படி அந்த மனிதருக்குப் பணிப்பதிவேடு எழுதினால் இப்படி இருக்கும். இருபது வயதை ஒட்டித் தேர்வில் வெற்றி. தாயார் இறந்ததால் நீண்ட துக்க விடுப்பு. பிறகு தந்தை இறந்ததால் மறுபடியும். அரசின் புதிய திட்டங்கள் விவசாயிகளை வாட்டுகின்றன என்று மேலிடத்துக்கு நேராக எழுதினார். பிறகு கவிதையிலும் எழுதினார். நேராக எழுதியதை விட்டுவிட்டு, கவிதைக்காகப் பிடித்தார்கள். வரி வரியாகக் காட்டி, இதற்கு என்ன பொருள், இதில் யாரைச் சொல்கிறாய் என்று விசாரித்தார்கள். உயிர் தப்பியது. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்குத் தள்ளினார்கள். பதவியின் பெயர் இருந்தது, வேலை இல்லை. அங்கே ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தைத் தானே உழுதார். அந்த மேட்டின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டார். திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடி பேசினார். மறுபடி தள்ளினார்கள், இந்த முறை இன்னும் தெற்கே. அதுவும் போதாதென்று கடல் தாண்டி ஒரு தீவுக்கு. மன்னிப்பு கிடைத்துத் திரும்பும் வழியில் இறந்துபோனார். போன இடமெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பன்றிக்கறியை எப்படிக் குறைந்த தீயில் வேகவைப்பது என்பது வரைக்கும்.

இதுவரை சாரும் சொல்லுவார். அவர் சொல்லாத இரண்டு விஷயங்கள் புத்தகத்தில் இருந்தன. ஒன்று, அந்த மனிதர் ஓர் ஊரில் அதிகாரியாக இருந்தபோது ஆற்று வெள்ளம் கோட்டைச் சுவர் வரை வந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் சுவர்மேலேயே தங்கி, ஆட்களையும் படைவீரர்களையும் சேர்த்து மண் கொட்டி அணை எழுப்பினார். இரண்டு, வேறோர் ஊரில் தூர்ந்துபோன ஏரியை வாரினார். வாரிய சேற்றை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தது. எங்கள் ஒன்றியத்தில் அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. அவர் ஏரியின் குறுக்கே அந்தச் சேற்றையே நீளமாகக் கொட்டிக் கரையாக்கி, பாதை போட்டு, மரம் நட்டார்.

அந்தப் பக்கத்தை நான் திருக்கோகர்ணம் தாண்டும் வரை மூன்று முறை படித்தேன். இவ்வளவு நாளாக ஒரு பொறியாளரைக் கவிஞர் என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள். சாருடைய சொந்தப் பிரதியைப் பின்னர் ஒருநாள் புரட்டினேன். நிலா வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. மதுக்கிண்ணம் வரும் இடத்தில் இரட்டைக் கோடு. ஏரி வாரிய பக்கம் அச்சகத்திலிருந்து வந்தபடி சுத்தமாக இருந்தது.

இப்போது கண்மாய்க்கு வருவோம்.

கரைக்குக் கீழே முதல் வயல் ஒருவருடையது. குவைத்தில் பல வருடம் கிரேன் ஓட்டிவிட்டு வந்து அந்த நிலத்தை வாங்கியவர். அவர் வயலுக்கு அடுத்து ஒரு தெரு, இருபத்திரண்டு வீடு. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் வயலுக்குப் போகும், இரண்டாவதாக வீட்டுக்குள் போகும். இதைக் கணக்கிட எனக்குப் பட்டம் தேவைப்பட்டது. அவருக்குக் கண் போதும். நான் அளக்கப் போன நாளில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், அங்க கிரேன்ல ஒரு கப்பி வயர் நைஞ்சு போயிருந்தா அன்னைக்கு வேலைய நிறுத்திப்புடுவாக. இங்க கரையே நைஞ்சு போயிருக்கு, எல்லாரும் அதும்மேல பைக்கு ஓட்டுறாக" என்றார்.

சாரும் அன்று ஜீப்பில் வந்தார். காலை பதினொரு மணி. வெயில் சுட்டது. அவர் வேப்பமரத்தடியில் நின்று கண்மாயை நெடுநேரம் பார்த்தார். நான் மடையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மலர் வந்த பிறகுதான் தெரிந்தது.

கவிதை பன்னிரண்டு வரி. கடலென விரிந்த கண்மாய். மலையென நிமிர்ந்த கரை. கசிவறியாக் கல்மடை. அலைமீது நீராடும் நிலவு. ஓரத்தில் தவம் செய்யும் நாரைகள். கொடும்பாளூர்க் கோயில் மணியோசையும் ஒரு வரியில் கேட்கும். அது அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று நான் சொல்லவில்லை. நிலா விழுவதற்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே சார் கண்மாயை நிரப்பினார். நிரம்பிய கண்மாய்க்குக் கரை வேண்டும். ஆகவே கரையைக் கட்டினார். மடை கசிந்தால் ஓசை நயம் கெடும். ஆகவே அதையும் அடைத்தார். ஒப்பந்ததாரர் இல்லாமல் ஒரே நாளில் முடிந்த பணி எங்கள் ஒன்றியத்தில் இது ஒன்றுதான்.

எஸ்டிமேட் திரும்பிய அன்று சாருக்கு முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

"பாத்தீங்களாம்மா, பார்வையில நம்ம கவிதைய போட்டிருக்காங்க."

"பாத்தேன் சார்."

"ஒருத்தர் முழுசாப் படிச்சிருக்கார்ங்குறேன். வரி நம்பரோட." படத்தைத் தொட்டுக் காட்டினார். "இவருக்கும் இதேதான். கவிதையே சாட்சி."

பதவி உயர்வு ஆணை வந்தவர் போல இருந்தது முகம். நான் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படிக்கச் சொன்னேன். இரண்டு கூற்றுகளில் எது தவறானது என்று தெரிவிக்க வேண்டும். தவறான கூற்றை அளித்த அலுவலர் மீது பொறுப்பு நிர்ணயிக்கப்படும். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். சீனாவிலிருந்து அவர் திரும்பி வந்த நேரம் அதுதான்.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. விழா மலரில் வந்த கவிதை எங்கள் எஸ்டிமேட் கோப்புக்குள் எப்படிப் போனது? தபால் பிரிவில் இருக்கும் அக்காவிடம் போனேன். இருபது வருடமாக அந்த அலுவலகத்தை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு காகிதமும் அவர் கையால்தான் போகிறது.

"அக்கா, கவிதைக்கு எதுக்கு ந.க. நம்பர் போட்டீங்க?"

"சார் தபால்ல அனுப்பச் சொன்னாக. நம்பர் இல்லாத காயிதத்த எப்புடி அனுப்புறது? ஆடிட்டுல வந்து என்னையத்தான கேப்பாக."

"சரி. கண்மாய் ஃபைல் நம்பர எதுக்குப் போட்டீங்க?"

"கண்மாயப் பத்தித்தான எழுதியிருந்துச்சு." அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இன்ஜினியரிங் படித்தும் இது தெரியவில்லையே என்ற இரக்கம் இருந்தது. "கண்மாய் பேரு, கரை, மடை எல்லாம் இருந்துச்சு. அதுக்குப் புது நம்பர் போட்டா ஒரே பொருளுக்கு ரெண்டு ஃபைலுன்னு சொல்லுவாக. முழுசாப் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

ஆக, எங்கள் அலுவலகத்தில் அந்தக் கவிதையை முழுதாகப் படித்தவர் அக்கா ஒருவர்தான். அவர் செய்தது விதிப்படி சரி. மலர்க் குழுவினர் கையில் கிடைத்ததை எண்ணோடு அச்சடித்ததும் சரி. மாவட்ட அலுவலகத்தில் ஒருவர் அதே எண்ணைப் பார்த்து அதே கோப்பில் சேர்த்ததும் சரி. எல்லோரும் சரியாகச் செய்ததால் கரை பழுதுபார்ப்பு நின்றுபோயிருந்தது.

அக்கா கோப்பில் வைத்திருந்த அலுவலகப் படியை, அதாவது நகலை, எடுத்து நீட்டினார். கவிதையின் கீழே இடது ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம் இருந்தது. பச்சை மை. பின்பக்கம் சுழித்த கொக்கி.

அது என்னுடையது.

எனக்கு நினைவு வந்தது. ஆடி மாதம் ஒரு மதியம் சார் காகிதத்தை நீட்டினார். "பாருங்கம்மா." நான் இரண்டு வரி பார்த்தேன். "நல்லாருக்கு சார்" என்றேன். கையில் பேனா இருந்தது. காகிதம் முன்னால் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் சுருக்கொப்பம் தானாக விழுந்துவிடும். கரையை அளந்து மடைக்குள் கைவிட்டுப் பார்த்த அதே உதவிப் பொறியாளர், கசிவறியாக் கல்மடைக்குச் சான்று கொடுத்திருந்தார்.

"அதான் எனக்குச் சந்தேகம் வரல" என்றார் அக்கா. "இன்ஜினியரே பாத்திருக்காகன்னு."

அன்று பஸ்ஸில் நான் எதுவும் படிக்கவில்லை.

சாருடைய முதல் விளக்கம் மூன்று பக்கம். கவிதை என்பது உள்ளத்தின் கண்மாய் என்று தொடங்கி, சீனாவின் தேர்வு முறை, உவமையின் இயல்பு, நிலவின் பன்னாட்டுத் தன்மை என்று போய், ஆகவே கனிவுடன் பரிசீலிக்குமாறு முடிந்தது. ஒன்பதே நாளில் பதில் வந்தது. மாவட்ட அலுவலகம் இவ்வளவு வேகமாக எதற்கும் பதில் போட்டு நான் பார்த்ததில்லை. பதில் ஒரே வரி: விளக்கம் தெளிவாக இல்லை, எந்தக் கூற்று தவறு?

சாருக்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். கவிதை சரி என்றால் எஸ்டிமேட் பொய், பொய்யர் நான். எஸ்டிமேட் சரி என்றால் கவிதை பொய், பொய்யர் அவர். அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவ விடுப்பு, பத்து நாள். வெள்ளம் வந்தபோது சுவர்மேல் தங்கிய ஆளின் படம் அந்தப் பத்து நாளும் ஆளில்லாத அறையில் மேசையைப் பார்த்துக்கொண்டது.

புரட்டாசி பாதியில் சார் திரும்பி வந்தார். மறுநாளே குவைத் அண்ணன் வந்தார். நான் அறையில்தான் இருந்தேன். வணக்கம் சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார்.

"சார், ஒங்க கவிதைய போன்ல அனுப்புனாக. படிச்சேன்."

சார் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். என்ன இருந்தாலும் கவிஞர்.

"நல்லாருந்துச்சுங்க. அந்தக் கண்மாய் எங்கிட்டு இருக்குன்னு சொன்னீங்கன்னா, இத வித்துப்புட்டு அங்கிட்டே வயலு வாங்கிக்கிறேன்."

சார் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "ஒக்காருங்க. அது கற்பனைங்க. கவிதைன்னா அப்படித்தான்."

"தெரியுதுங்க. நானும் குவைத்துலேருந்து ஊட்டுக்குப் போன் பேசயில ஏசி ரூமுல இருக்கேன்னுதான் சொல்லுவேன். வெயில்ல நின்னுக்கிட்டுத்தான். கேக்குறவகளுக்குச் சந்தோசம்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆனா நான் சொன்னத வச்சு அங்க யாரும் என் தண்ணி கேன நிறுத்தல."

"நான் விளக்கம் எழுதியிருக்கேன்."

"மூணு பக்கம்னாக. மூணு பக்கம் வேணாம் சார். கற்பனைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அம்புட்டுத்தான்."

"அப்படி லேசா எழுதிட முடியாதுங்க. அதுல சிக்கல் இருக்கு."

"இருக்கும் சார். எங்களுக்கும் இருக்கு. ஒங்க சிக்கலு காயிதத்துல, எங்களுது கட்டிலுக்கடியில." திரும்பி என்னிடம், "மேடம், நீங்க வந்து கை விட்டுப் பாத்த ஓட்டையில இப்ப நண்டு குடியிருக்கு. நெசமாவே. ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.



"ஏம்மா" என்றார் சார், "கவிதை எழுதுனவனே அது பொய்யின்னு எழுதிக் குடுக்கலாமா? இவரு குடுத்திருப்பாரா?" விரல் மேசைக் கண்ணாடியில் இருந்தது.

"குடுத்தாரே சார்."

"எங்க?"

"புத்தகத்துலயே இருக்கு. வரி வரியாக் கேட்டாங்க. இந்த வரிக்கு இதுதான் பொருள், ஆமா, இதச் சொல்லத்தான் எழுதினேன்னு ஒவ்வொண்ணாச் சொன்னாரு."

"அவரச் சிறையில வெச்சுக் கேட்டாங்க."

"நம்மள லெட்டர்லதான் சார் கேட்டிருக்காங்க."

நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சீனக்காரர் மாட்டிக்கொண்டது அரசுத் திட்டத்தால் குடியானவர்கள் படும் பாட்டை உள்ளபடி எழுதியதற்காக. நம் சார் மாட்டிக்கொண்டது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியதற்காக. இருவரும் ஒரே கேடர் என்பதில் எனக்கு அங்கேதான் தடங்கல். ஆனால் அதைச் சொல்லவில்லை. என் பச்சை மைச் சுருக்கொப்பம் அதே காகிதத்தில் இருக்கும்போது அந்த அளவுக்கு எனக்கு நாக்கு நீளவில்லை.

அதற்குப் பதிலாக அட்டவணை போட்டேன். எனக்கு மனக்குழப்பம் வந்தால் அட்டவணை போடுவேன். பெரும்பாலும் தீர்ந்துவிடும், தீராவிட்டாலும் கோடுகள் நேராக இருக்கும். மூன்று பத்திகள்: வரி எண், கவிதையில் கண்டது, களத்தில் கண்டது.

வரி 1, கடலென விரிந்த கண்மாய்: ஆய்வு நாளில் நீர் இல்லை; நடுப்பள்ளத்தில் சேறு மட்டும். வரி 2, மலையென நிமிர்ந்த கரை: தென்பகுதியில் வெளிச்சரிவு இடிந்துள்ளது, அளவுகள் இணைப்பில். வரி 3, கசிவறியாக் கல்மடை: சுவருக்கும் மண்ணுக்கும் இடையே துளை, புகைப்படம் இணைப்பில். வரி 4, நீராடும் நிலவு: ஆய்வு நடந்தது முற்பகல் பதினொரு மணிக்கு. இப்படிப் பன்னிரண்டு. அட்டவணைக்குக் கீழே இரண்டு குறிப்புகள். பார்வை 4 கற்பனை. அதைக் கோப்பின் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், இது வட்டார வளர்ச்சி அலுவலர் சொல்வதாக. அலுவலகப் படியில் உள்ள சுருக்கொப்பம் என்னுடையது, படிக்காமல் இட்டது, இது நான் சொல்வதாக. இரண்டாவது குறிப்பை அடிக்க எனக்கு முதல் குறிப்பைவிட அதிக நேரம் பிடித்தது. ஒரு மணி நேரம் 'முழுமையாகப் பார்வையிடாமல்' என்று வைத்திருந்தேன். பிறகு 'படிக்காமல்' என்று மாற்றினேன்.

நான் நல்லவள் என்பதற்காகச் செய்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டவணை போகாவிட்டால் பொய்யர் பட்டியலில் என் பெயர்தான் மிஞ்சும். கரையும் என் பெயரும் ஒரே பக்கம் இருந்தது என் அதிர்ஷ்டம்.

மறுநாள் காலை சார் அட்டவணையைப் படித்தார். பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஐந்தாவது வரியில் நின்றார்.

"நாரைக்கு நேரா ஒண்ணும் எழுதலியே?"

"சரிபார்த்துட்டு எழுதலாம்னு விட்டேன் சார்."

"இருந்துச்சேம்மா. அந்தச் சேத்துக்கிட்ட. எருமைக்குப் பக்கத்துல."

எனக்கும் நினைவிருந்தது. போட்டோவையும் எடுத்துப் பார்த்தேன். எருமையின் முதுகுக்குப் பின்னால் வெள்ளையாக இரண்டு.

"ரெண்டு இருந்துச்சு சார்."

"தவம் செஞ்சுச்சா?"

"நின்னுச்சு சார்."

"போதும். அத மட்டும் மாத்தாதீங்க."

வரி 5, களத்தில் கண்டது: நாரை இரண்டு, சரி, என்று எழுதினேன். சார் பேனா மூடியைத் திறந்து கையெழுத்திட்டார். பதவி முத்திரையை அக்காவிடம் கொடுக்காமல் தானே வைத்தார். மை அதிகமாகி ஓரத்தில் கொஞ்சம் ஈஷியது. அக்கா அட்டவணைக்கு அதே ந.க. எண்ணைப் போட்டு அன்றே அனுப்பினார். அனுப்புவதற்கு முன் முழுதாகப் படித்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. "இது நல்லாருக்கு" என்றார்.

விளைவுகள் சீராக வந்தன. ஐப்பசி பிறப்பதற்குள் கரையைப் பலப்படுத்த மட்டும் அவசரப் பணியாக அனுமதி வந்தது. மடை அடுத்த திட்டத்துக்குத் தள்ளப்பட்டது. புது வேலைக்குப் புது எஸ்டிமேட் வேண்டுமாம். எனக்கு ஒரு குறிப்பாணை: இனிவரும் காலங்களில் ஆவணங்களைப் படித்த பின் சுருக்கொப்பம் இடுமாறு. எங்கள் அலுவலகத்தில் இந்த ஆணையை எல்லோரும் கடைப்பிடித்தால் ஒரு வாரத்தில் மாவட்டமே நின்றுவிடும். சாருக்கு ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கூடவே மாறுதல். எங்கே என்றால் மணமேல்குடிக்கு, கடலோரம்.

அலுவலகம் முழுவதும் இதைக் கொண்டாடத் தயாராக இருந்தது. "சார் நெனச்ச மாதிரியே அவரு வழியில போறாக" என்றார் அக்கா, வழியனுப்பு விழாவில் சாருக்குத் துண்டு போர்த்திய கையோடு. சார் அந்த நகைச்சுவையில் சேரவில்லை. மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, மாமியாருக்கு வாரம் இருமுறை மருத்துவமனை, வீடு அங்கே எடுத்தாலும் குடும்பம் இங்கேதான். புத்தகத்தில் அந்தச் சீனக்காரர் தள்ளப்பட்ட ஊர்களின் பெயர்கள் வரும் பக்கங்களைச் சிவப்பு மையில் ரசித்தவருக்கு, பஸ் மாறிப் போகும் நேரத்தை யாரும் அடிக்கோடு போட்டுக் காட்டியிருக்கவில்லை. போகும்போது என்னிடம், "அவரு பொண்டாட்டி பிள்ளைய என்ன பண்ணாருன்னு அந்தப் புத்தகத்துல இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கரை வேலை பதினெட்டு நாள் நடந்தது. களிமண் பக்கத்திலேயே கிடைத்தது, கண்மாய்க்குள். நாங்கள் வாரிய வண்டலைக் கரைக்கே போட்டோம். எங்கே கொட்டுவது என்ற கேள்வி முதல்முறையாக எழவில்லை. ரோலர் ஓடிய நாட்களில் குவைத் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, கிரேன் ஓட்டியவரின் கண்ணோடு ரோலர்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோலர்காரர் அந்தப் பதினெட்டு நாளும் நேராகத்தான் ஓட்டினார். மடைத் துளையை எங்களால் முடிந்த மட்டும் மணல் மூட்டையும் களிமண்ணும் வைத்து அடைத்தோம்.

கார்த்திகையில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கைத் தொட்டது. நான் நாலு நாள் பகல் முழுவதும் கரையில் நின்றேன். மூன்றாம் நாள் மணமேல்குடியிலிருந்து சார் போன் செய்தார். கண்மாய் எப்படியிருக்கிறது என்று கேட்டார். "கடல் மாதிரி இருக்கு சார்" என்றேன். அவர் உடனே, "மட்டம் எவ்வளவு, அதச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

இன்றைய நிலவரம். தென்கரை நிற்கிறது. தெருவில் இருபத்திரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. மடை கசிகிறது, குவைத் அண்ணன் வயலில் மேற்கு மூலையில் நாற்று அழுகிவிட்டது, மீதி நிற்கிறது. மடைக்குப் புது எஸ்டிமேட் போட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. சாருடைய குற்றச்சாட்டுக் குறிப்பாணை விசாரணையில் இருக்கிறது.